ஸ்டேக் சாஸ்: புளிப்பும் உப்பும் உலர்திராட்சையும்

மாட்டிறைச்சியைத் தடிமனான துண்டாக வெட்டி, உப்பும் மிளகும் மட்டும் தூவி, கடும் சூட்டில் வாட்டி எடுக்கும் உணவு ஸ்டேக். மசாலா அரைப்பதில்லை, தாளிப்பதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்தத் தட்டோடு ஒரு சிறு புட்டியும் மேசைக்கு வருவதுண்டு. அதில் இருக்கும் கரும்பழுப்பு நிறச் சாஸ்தான் ஸ்டேக் சாஸ். முதல்முறை தொட்டு நாக்கில் வைப்பவருக்கு ஒரு பிடியும் கிடைக்காது. புளிக்கிறது, இனிக்கிறது, உப்புக் கரிக்கிறது, ஏதோ பழ வாசனை வருகிறது, கடைசியில் கிராம்பும் மிளகும் சேர்ந்தாற்போல் ஒரு காரம் தொண்டையில் நிற்கிறது. சாட் கடையில் பேல்பூரியின் மேல் ஊற்றும் பேரீச்சம்பழ–புளிச் சட்னியில் தக்காளியும் வினிகரும் கலந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான்.

நல்ல இறைச்சிக்குச் சாஸே தேவையில்லை, மட்டமான இறைச்சியின் குறையை மூடி மறைக்கத்தான் இது என்று ஸ்டேக் பிரியர்கள் பலர் சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மறைப்பது இதன் வேலை அல்ல. கொழுப்பும் உப்பும் மட்டுமே உள்ள ஒரு தட்டில் புளிப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. அந்தப் புளிப்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் இனிப்பும் உப்பும் மசாலாவும் உள்ளே வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு புட்டியின் பின்பக்கச் சீட்டைப் படித்தால், ஒவ்வொரு பொருளும் அங்கே ஏன் இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்கர்கள் ஸ்டேக் சாஸ் என்றதும் நினைப்பது ஏ.ஒன் சாஸை. ஆனால் அது பிறந்தது இங்கிலாந்தில். நான்காம் ஜார்ஜ் மன்னரின் சமையல்காரராக இருந்த ஹெண்டர்சன் வில்லியம் பிராண்ட் என்பவரின் தயாரிப்பு அது. மன்னர் ருசித்துப் பார்த்து ‘ஏ ஒன்’ என்று பாராட்டினார், அதுவே பெயராகிவிட்டது என்று ஒரு கதை உண்டு. கதை அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு ஆதாரம் கேட்டால் கிடைக்காது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பிராண்டை வேறொரு வழியில் தெரியும். பரீட்சைக் காலத்திலும் காய்ச்சல் நேரத்திலும் குடிக்கக் கொடுக்கும் ‘பிராண்ட்ஸ்’ கோழிச் சாறு இதே மனிதரின் பெயரில் வருவதுதான்.

1890களில் ஏ.ஒன் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அதை விற்றது கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த ஹியூப்ளைன் என்ற மது நிறுவனம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்தபோது அந்த நிறுவனத்தின் முக்கியத் தொழில் படுத்துவிட்டது. அதைக் கரைசேர்த்தது இந்தச் சாஸ்தான். 1960களில் பெயரோடு ‘ஸ்டேக்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 2014இல், அப்போது அந்தச் சாஸைத் தயாரித்துவந்த கிராஃப்ட் நிறுவனம் அந்தச் சொல்லை நீக்கிவிட்டது. பர்கர், கோழி, பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு என எல்லாவற்றுக்கும் மக்கள் தொட்டுக்கொள்கிறார்கள், எதற்கு ஒன்றோடு கட்டிப்போட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

பிரிட்டனில் இந்த இடத்தில் இருப்பது ஹெச்.பி. சாஸ். நாட்டிங்ஹாமில் மளிகைக்கடை வைத்திருந்த ஃபிரெட்ரிக் கிப்சன் கார்ட்டன் 1895இல் அந்தப் பெயரைப் பதிவு செய்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் உணவகத்தில் தன் சாஸ் பரிமாறப்படுகிறது என்று கேள்விப்பட்டு, நாடாளுமன்றத்தைக் குறிக்கும் ‘ஹவுசஸ் ஆஃப் பார்லிமென்ட்’ என்பதன் சுருக்கமாக வைத்த பெயர் அது. இன்றும் புட்டியின் மேல் நாடாளுமன்றக் கட்டடத்தின் படம் இருக்கும். வினிகர் வாங்கிய கடனை அடைக்க முடியாமல், 150 பவுண்டுக்கும் கடன் தள்ளுபடிக்கும் அந்தச் சாஸின் செய்முறையையும் பெயரையும் வினிகர் நிறுவனத்துக்கே அவர் விற்றுவிட்டார் என்பது வருத்தமான பகுதி. பிர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் இருந்த ஆலை 2007இல் மூடப்பட்டு, தயாரிப்பு நெதர்லாந்துக்குப் போய்விட்டது.

இந்த இரண்டோடும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது வூஸ்டர்ஷயர் சாஸ். லீ, பெரின்ஸ் என்ற இரு மருந்துக்கடைக்காரர்கள் வூஸ்டர் நகரில் 1837இல் விற்கத் தொடங்கியது. இது தண்ணீர் போல் ஓடும். ஸ்டேக் சாஸ் கெட்டியாக விழும். வூஸ்டர்ஷயரை முக்கியமாகச் சமைக்கும்போது சில சொட்டு விடுவார்கள், ஸ்டேக் சாஸைத் தட்டில் ஊற்றித் தொட்டுக்கொள்வார்கள். வீட்டில் ஸ்டேக் சாஸ் செய்பவர்கள் பலர் வூஸ்டர்ஷயரையே அதில் ஒரு பொருளாகச் சேர்ப்பதும் உண்டு.

ஒவ்வொரு சுவையாக

அமெரிக்காவில் விற்கும் ஏ.ஒன் புட்டியின் சீட்டில் இருப்பவை இவை: தக்காளி விழுது, வினிகர், சோளப்பாகு, உப்பு, உலர்திராட்சை விழுது, நசுக்கிய ஆரஞ்சு விழுது, மசாலாப் பொருள்கள், உலர்ந்த பூண்டு, கேரமல் நிறமி, உலர்ந்த வெங்காயம், பொட்டாசியம் சார்பேட், சாந்தன் கம். ஹெச்.பி. சாஸில் தக்காளியும் வினிகரும் உண்டு. அவற்றோடு பேரீச்சம்பழம், மொலாசஸ், புளி, ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மாவு ஆகியவை வரும். மொலாசஸ் என்பது ஆலையில் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கரும்பாகு. சீட்டில் பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கும் என்பதால், முதல் நான்கைந்து பெயர்களே சாஸின் குணத்தைச் சொல்லிவிடும்.

முதலில் புளிப்பு. இந்தச் சாஸின் அழகே அதில் ஒரே புளிப்பு இல்லாததுதான். மூடியைத் திறந்ததும் மூக்கைத் தொடுவது வினிகர். அதில் உள்ள அசிட்டிக் அமிலம் எளிதில் ஆவியாகும். வாயில் வைப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், அதே வேகத்தில் மறைந்தும்விடும். அடுத்து வருவது தக்காளியிலும் ஆரஞ்சிலும் உள்ள சிட்ரிக் அமிலம். நாக்கின் மேல் கூர்மையாக, பழத்தின் புத்துணர்ச்சியோடு இருக்கும். கடைசியாக டார்டாரிக் அமிலம். ஹெச்.பி.யில் இது புளியிலிருந்து வருகிறது. ஏ.ஒன்னின் பொருள் வரிசையில் புளி இல்லை. ஆனால் திராட்சையிலும் இதே டார்டாரிக் அமிலம் இருப்பதால், உலர்திராட்சை கொஞ்சம் அந்த வேலையைச் செய்கிறது. டார்டாரிக் அமிலம் ஆவியாகாது. கொதிக்க வைத்தாலும் அப்படியே நிற்கும், விழுங்கிய பிறகும் நாக்கில் தங்கும். முந்தி வருவது ஒன்று, நடுவில் ஒன்று, பின்தங்குவது ஒன்று என மூன்று புளிப்புகள் அடுத்தடுத்து வருவதால்தான் வெறும் வினிகரைத் தொட்டுக்கொள்வதற்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசம். இந்தியாவோடு பிரிட்டனுக்கு இருந்த வணிக உறவு இல்லாவிட்டால் ஆங்கிலேயரின் சாஸ் புட்டிக்குள் புளி நுழைந்திருக்காது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இறைச்சிக்குப் புளிப்பு எதற்கு? கொழுப்பு நாக்கின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. நான்கு வாய் உண்ட பிறகு சுவை மங்குவதற்கு அது ஒரு காரணம். புளிப்பு பட்டதும் உமிழ்நீர் ஊறுகிறது, வாய் கழுவப்படுகிறது, அடுத்த துண்டு மீண்டும் முதல் துண்டு போல் ருசிக்கிறது. கொழுப்பு கோடுகோடாக ஓடும் ரிப்–ஐ போன்ற துண்டுக்கு இந்தச் சாஸ் பொருந்துவதும், கொழுப்பு குறைந்த மென்மையான டெண்டர்லாயினுக்கு அது கூடுதலாகத் தோன்றுவதும் இதனால்தான். பின்னதற்கு நானும் சாஸை ஒதுக்கித்தான் வைப்பேன்.

அடுத்தது உமாமி. பெயர் ஜப்பானியம், சுவை நமக்கு அந்நியமல்ல. நன்றாகப் பழுத்த தக்காளி, காளான், கருவாடு இவற்றில் வாயை நிறைக்கும் அந்த ஆழ்ந்த சுவைதான் அது. டோக்கியோவில் பேராசிரியராக இருந்த கிகுனே இகேடா 1908இல் அதற்குக் காரணமான குளூட்டமேட்டைக் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். அவருடைய மாணவர் ஷிண்டாரோ கொடாமா 1913இல் உலர்ந்த மீனிலிருந்து ஐனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டார். பிற்பாடு தெரியவந்த செய்திதான் நம் விஷயத்துக்கு முக்கியம்: இந்த இரண்டும் ஒரே வாயில் சேர்ந்தால், இரண்டையும் தனித்தனியே ருசித்துக் கூட்டினால் வருவதைவிட உமாமி பல மடங்கு பெருகுகிறது. மாட்டிறைச்சியில் ஐனோசினேட் இருக்கிறது. தக்காளி விழுதில் குளூட்டமேட் இருக்கிறது. ஆக, தக்காளி கலந்த ஒரு சாஸை ஸ்டேக்கோடு சாப்பிடும்போது இறைச்சியின் இறைச்சித்தன்மையே கூடுகிறது. சாஸ் இறைச்சியை மறைக்கிறது என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. (அளவு மீறி ஊற்றினால் எதுவும் மறைந்துதான் போகும், அது வேறு.)

இனிப்பு சோளப்பாகிலிருந்தும் பழ விழுதிலிருந்தும் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. பாகு வெறும் இனிப்பு. உலர்திராட்சையும் பேரீச்சையும் இனிப்போடு நிறம், நார், பிசுபிசுப்பு, லேசான கசப்பு எல்லாவற்றையும் கொண்டுவருகின்றன. புட்டிகளை ஒப்பிட்டு வாங்குவதாக இருந்தால், பழத்தின் பெயர் வரிசையில் மேலே இருப்பதை எடுங்கள். ஜப்பானியர் வூஸ்டர்ஷயர் சாஸைக் கற்றுக்கொண்டு தங்களுக்கென்று பழச் சாஸ் வகைகளை உருவாக்கினார்கள். ஓகோனோமியாகி என்ற அவர்களுடைய தோசைக்கு ஊற்றும் சாஸில் பேரீச்சம்பழம் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது.

மசாலாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சீட்டில் ‘மசாலாப் பொருள்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடச் சட்டம் அனுமதிப்பதால் எந்த நிறுவனமும் விரித்துச் சொல்வதில்லை. மிளகு, கிராம்பு, ஆல்ஸ்பைஸ், கடுகு, இஞ்சி, செலரி விதை ஆகியவை இந்த வகைச் சாஸ்களில் பொதுவாகப் புழங்குபவை. மிளகாயின் எரிச்சல் பெரும்பாலும் இருக்காது.

கடைசியில் இருக்கும் பெயர்கள்தான் பலரைப் பயமுறுத்துகின்றன. சாந்தன் கம் என்பது ஒரு வகை நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு உருவாக்கும் பசை. இந்தியச் சீட்டுகளில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான எண்ணாக ஐ.என்.எஸ். 415 என்று இருக்கும். சாஸைக் கெட்டியாக வைத்திருப்பது அது. புட்டியைக் குலுக்கும்போது இளகும், தட்டில் விழுந்ததும் மீண்டும் இறுகும். அந்தக் குணமும் அதனால்தான். பொட்டாசியம் சார்பேட், அதாவது ஐ.என்.எஸ். 202, பூஞ்சை வராமல் தடுக்கிறது. கேரமல் நிறமி நிறத்துக்கு மட்டும். இவற்றின் அளவு மிகச் சிறியது. உண்மையில் இந்தச் சாஸைக் கெடாமல் காப்பது வினிகர்தான்: அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் மதிப்பு 4.6க்குக் கீழே இருந்தால் ஆபத்தான பாட்டுலினம் கிருமி வளர முடியாது. வினிகர் சாஸ்கள் அதற்கும் கீழே இருக்கும்படிதான் தயாரிக்கப்படுகின்றன.

உடலுக்கு எப்படி?

ஏ.ஒன் சாஸ் 1 மேசைக்கரண்டியில், அதாவது 17 கிராமில், சுமார் 15 கலோரி, 3 கிராம் மாவுச்சத்து, அதில் 2 கிராம் சர்க்கரை, 280 மில்லிகிராம் சோடியம். கொழுப்பு கிடையாது, புரதம் இல்லை என்றே சொல்லலாம். கலோரிக் கணக்கில் இது ஒன்றுமேயில்லை. கவனிக்க வேண்டியது உப்பு.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு 2,000 மில்லிகிராம் சோடியம். உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஒரு கரண்டி சாஸில் அதில் 14 சதவீதம் போய்விடுகிறது. யாரும் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. இரண்டு கரண்டி ஊற்றினால் 560 மில்லிகிராம். இறைச்சியின் மேல் ஏற்கெனவே கால் டீஸ்பூன் உப்பு தூவியிருந்தால் அதிலேயே இன்னொரு 580 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். கூடவே வறுத்த உருளைக்கிழங்கும் உப்போடு வரும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

கெட்சப்போடு ஒப்பிட்டால் படம் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் ஹெய்ன்ஸ் தக்காளி கெட்சப் அதே 17 கிராமில் 20 கலோரி, 4 கிராம் சர்க்கரை, 180 மில்லிகிராம் சோடியம். சர்க்கரை இருமடங்கு, உப்பு குறைவு. சர்க்கரை நோயாளிக்கும் ரத்த அழுத்தக்காரருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்கு ஹெச்.பி. நல்ல எடுத்துக்காட்டு. 2011இல் அதன் உப்பை 100 கிராமுக்கு 2.1 கிராமிலிருந்து 1.3 கிராமாகக் குறைத்தார்கள். பழைய ருசி போய்விட்டது என்று பிரிட்டனில் புகார்கள் எழுந்தன. ஏ.ஒன்னை அதே கணக்கில் போட்டால் 100 கிராமுக்கு 4 கிராம் உப்பைத் தாண்டும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பழுப்புச் சாஸ்களுக்கு நடுவே மும்மடங்கு வித்தியாசம்! சீட்டில் சோடியம் மட்டும் இருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள், உப்பின் எடை கிடைத்துவிடும்.

தக்காளி இருப்பதால் அதன் சிவப்பு நிறப்பொருளான லைக்கோபீன், திராட்சை இருப்பதால் இரும்புச்சத்து என்று எழுதுவோரும் உண்டு. ஒரு கரண்டியில் வருவது கணக்கில் எடுக்கும் அளவே இல்லை. ருசிக்காகச் சாப்பிடுவதை ருசிக்காகவே சாப்பிடலாம்.

ஆனால் ஸ்டேக்கோடு வரும் மற்ற சாஸ்களைப் பார்த்தால் இந்தப் புட்டிக்கு ஒரு பெருமை உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் பேர்னேஸ் சாஸ் முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்த்து அடிப்பது, பெரும்பகுதி வெண்ணெய்தான். 1 மேசைக்கரண்டி வெண்ணெயிலேயே சுமார் 100 கலோரி, 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. மிளகுச் சாஸிலும் பாலாடை தாராளமாக இருக்கும். அர்ஜென்டினாவின் சிமிசுர்ரி என்பது பார்ஸ்லி இலை, பூண்டு, வினிகர், எண்ணெய் கலந்த பச்சைச் சாஸ். அதில் உப்பை நாமே முடிவு செய்யலாம் என்பதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஹெச்.பி. சாஸில் பார்லி வினிகரும் ரை மாவும் இருப்பதால், இந்தத் தானியங்களிலும் கோதுமையிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர்களுக்குக் கூடாது. வூஸ்டர்ஷயர் சாஸில், அது கலந்த ஸ்டேக் சாஸிலும்தான், நெத்திலி இனத்தைச் சேர்ந்த ஆன்சோவி மீன் இருக்கும். காய்கறி பர்கரிலோ வறுத்த காளானிலோ சைவம் என்று நம்பி ஊற்றிவிடும் இடம் இதுதான். இந்தியாவில் விற்கும் புட்டியில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பயன்படுத்துவதும் செய்வதும்

வாணலியில் இறைச்சி வேகத் தொடங்கும்போதே இதை ஊற்றக் கூடாது. பாகும் பழமும் கருகிக் கசந்துவிடும். அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் மேலே தடவலாம், அல்லது தனியாகத் தட்டின் ஓரத்தில் விடலாம். இரண்டாவதே மேல்: தொட்டுக்கொள்பவருக்கு அளவு கையில் இருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் வாட்டிய காளான், பன்னீர், ஆட்டு ஈரல் எதனோடும் சேர்த்துப் பார்க்கலாம்.

வீட்டில் செய்வது கடினமல்ல. நடுத்தரமான 4 தக்காளியை வேகவைத்துத் தோல் உரித்துக்கொள்ளுங்கள். கால் கப் உலர்திராட்சையை வெந்நீரில் ஊறவையுங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வடிகட்டுங்கள். ஒரு சிறு வெங்காயத்துண்டு, 3 பல் பூண்டு, ஓர் ஆரஞ்சின் சாறு, அதன் மேல்தோலைத் துருவியதில் ஒரு சிட்டிகை, அரை கப் வினிகர், 2 மேசைக்கரண்டி வெல்லம், 3 கிராம்பு, அரை டீஸ்பூன் மிளகு, கால் டீஸ்பூன் கடுகுத்தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு எல்லாவற்றையும் சேர்த்து மைய அரைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அலுமினியம் வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டும் பதம் வந்ததும் வடிகட்டினால் ஒன்றேகால் கப் போல வரும். ஒரு மேசைக்கரண்டிக்குச் சோடியம் 90 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும், கடைப் புட்டியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

அன்றே ருசித்தால் வினிகர் மட்டும் தூக்கலாகத் தெரியும். மறுநாள் எடுங்கள், அடங்கியிருக்கும். சுத்தமான கண்ணாடிப் புட்டியில் குளிர்பெட்டிக்குள் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கடைச் சாஸின் அமில அளவை ஆலையில் சோதித்து அனுப்புகிறார்கள். நம் சமையலறையில் அதற்கு வழியில்லை என்பதால் இதை வெளியே வைக்க வேண்டாம்.